பாமினியும் விண்டோசும்: வாவிக்கரையில் ஓர் இயங்குதள வரலாறு

கடந்த ஆண்டு மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தும் கடையொன்றுக்கு எனது பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றிருந்தேன். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்துவதாக அறிவித்திருந்த நேரம். கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சேர், இதுக்குப் பதினொன்று ஏறாது. புதுசு வாங்குங்க, இல்லாட்டி இப்படியே வைச்சுப் பாவியுங்க" என்றார். இப்படியே வைத்துப் பாவிக்கிறேன். அவரது கடையில் திருத்தத்துக்கு வந்திருந்த பெட்டிகளில் அநேகமானவையும் அந்த நிலையில்தான் இருந்தன.

வீடு திரும்பும்போது கல்லடியில் சற்று நின்றேன். 1924இல் கட்டப்பட்ட பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. புதியது வந்ததும் பழையது மறைந்துவிடவில்லை. இந்த ஊரில் கணினியின் கதையும் அப்படித்தான். உலகச் சந்தையில் ஓர் இயங்குதளம் பிறந்த நாளும் இறந்த நாளும் வேறு. வாவிக்கரையில் அது பிறந்த நாளும் இறந்த நாளும் வேறு. இந்த வேறுபாட்டுக்குப் பணமின்மை மட்டும் காரணமல்ல. நமது எழுத்தும் ஒரு காரணம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழகத்து எழுத்தாளர்களும் இணையத்தில் எழுதுபவர்களும் 'இயங்குதளம்' என்பதை, எமது பாடசாலைப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்கின்றன. 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். ஆதலால் ஒரு பொருளுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் இருப்பதைக் கண்டு இந்த மண்ணில் யாரும் திடுக்கிடுவதில்லை. இக்கட்டுரையில் முதலாவது சொல்லையே கையாள்கிறேன்.

தட்டச்சிலிருந்து பாமினிக்கு

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்தி என்பது கையால் எழுதித் தொலைநகலில் அனுப்பப்படுவது. மின்சாரமும் தொலைபேசியும் ஒரே வேளையில் வாய்த்தால் அது நல்ல நாள். விண்டோஸ் 95 உலகச் சந்தைக்கு வந்தது 1995 ஓகஸ்ட் 24ஆம் திகதி. அமெரிக்காவில் நள்ளிரவில் வரிசையில் நின்று அதை வாங்கினார்கள் என்ற செய்தியை நாங்கள் உலகச் செய்திப் பக்கத்தில் வெளியிட்டோம். ஆனால் அதை ஒரு திரையில் நான் பார்த்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர்.

அந்தக் கணினியில் தமிழ் எழுதுவதற்கு இருந்த வழி 'பாமினி' எழுத்துரு. இதன் விசைப்பலகை தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைப் பின்பற்றியது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்த ஆர். முத்தையா என்பதை வாசகர்கள் அறிவார்கள். தட்டச்சு வகுப்பில் 'ய, ள, ன, க, ப' என்று இடது கை விரல்களைப் பழக்கிய பெண்பிள்ளைகள், கணினிக்கு முன்னால் அமர்ந்த முதல் நாளிலேயே வேகமாகத் தட்டினார்கள். புதிதாகப் பயில வேண்டியது சுட்டியைப் பிடிப்பது ஒன்றுதான். பாமினி இங்கே வேரூன்றியதன் இரகசியம் இதுவே.

ஆனால் அதில் ஒரு பொறி இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். கணினி சேமித்து வைத்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. தமிழ் உருவங்கள் அந்தக் குறிகளுக்கு மேல் போர்த்திய சட்டை மட்டுமே. சட்டை இல்லாத இன்னொரு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் அம்மா இருக்கமாட்டாள். அந்த ஐந்து குறிகளும் கிடக்கும். பாமினியைப் போலவே ஒவ்வொரு பத்திரிகை நிறுவனமும் அச்சகமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றின் குறியீடு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

சோற்றுப் பார்சல் விலையில் ஓர் இயங்குதளம்

விண்டோஸ் 98 தான் வாவிக்கரையில் உண்மையாகக் கால் பதித்த முதல் இயங்குதளம். கொழும்பில் பகுதி பகுதியாக வாங்கிப் பொருத்திய பெட்டிகளில் அது வந்தது. அதற்கென்று யாரும் தனியாகப் பணம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. இறுவட்டு ஒன்று சோற்றுப் பார்சல் ஒன்றின் விலைக்குக் கிடைத்தது. ஒரே இறுவட்டு பத்து அலுவலகங்களுக்குப் போய்வந்தது. இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேறியது. எனினும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2011ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணிப்பின்படி, இலங்கையில் பாவிக்கப்பட்ட மென்பொருட்களில் 84 விழுக்காடு உரிமம் பெறாதவை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இங்கே 'சந்தை' என்ற சொல்லை விற்பனைக் கணக்கைக் கொண்டு அளக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விலை ஒரு தடையல்ல என்றால், மக்கள் ஏன் உடனுக்குடன் புதிய பதிப்புக்கு மாறவில்லை? பழைய பெட்டிகளின் வலு போதாமை ஒரு காரணம். அலுவலகத்தின் எழுத்துருவும் பேஜ்மேக்கரும் ஒழுங்காக இயங்கும் பெட்டியில் கைவைக்கத் தட்டச்சாளர் விடமாட்டார் என்பது அதைவிடப் பெரிய காரணம். "ஓடுற மாட்டைக் குத்தாதீங்க" என்பார் எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா.

ஒருங்குறியும் ஒரு சிறு கட்டமும்

தமிழுக்கு ஒருங்குறியில் இடம் 1991இலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. மைக்ரோசொப்டின் இயங்குதளங்களில் அதை முதலில் ஏற்றுக்கொண்டது 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000. 'லதா' எழுத்துரு அதனோடுதான் வந்தது. 2001 ஒக்ரோபர் 25இல் வெளியான எக்ஸ்பியிலும் அந்த வசதி இருந்தது. ஆனால் தானாக இயங்கவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் சென்று, மொழி அமைப்பைத் திறந்து, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான சிறு கட்டத்தில் சரியடையாளம் இட வேண்டும். உடனே கணினி மூல இறுவட்டைக் கேட்கும். அந்த இறுவட்டு அப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்!

அந்தக் கட்டத்தில் அடையாளம் இடாத கணினியில் ஒருங்குறித் தமிழ், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறித் தெரிந்தது. 'ஒருங்குறி என்றால் உடைந்த தமிழ்' என்ற எண்ணம் பல அலுவலகங்களில் பதிந்துபோனதற்கு இதுவே காரணம். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. புலம்பெயர்ந்து வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய எழுத்துரு மாற்றியில் எனது பாமினிக் கட்டுரை ஒன்றை இட்டு, மறுபக்கம் அது ஒருங்குறியாக வந்து விழுந்ததைக் கண்ட பின்னரே தெளிவு பிறந்தது. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருப்பவர்கள் எழுத்துரு எதுவும் இறக்காமல் என் எழுத்தைப் படிக்க முடிந்தது அதன் பின்னர்தான்.

ஆழிப்பேரலை கொண்டுவந்த எக்ஸ்பி

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும் வீதிகள் திறந்தன, பொருட்கள் வந்தன, கணினி வகுப்புகள் முளைத்தன. எனினும் எக்ஸ்பி பெருமளவில் மட்டக்களப்புக்கு வந்தது 2004 டிசம்பர் 26இன் பின்னர். நாவலடியையும் திருச்செந்தூரையும் கல்லடியையும் கடல் விழுங்கிய அந்தக் காலையில் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அடுத்த சில மாதங்களில் உலகின் பல திக்குகளிலிருந்து தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. அவை கொண்டுவந்த புதிய பெட்டிகளில் உரிமம் பெற்ற எக்ஸ்பி இருந்தது. எமது ஊரின் தொழில்நுட்ப முன்னேற்றம் ஒன்று இவ்வளவு பெரிய சாவுக்குப் பின்னால் வந்தது என்பதை எழுதும்போது இன்றும் கை தயங்குகிறது.

அந்த நாட்களில் இறந்தோர், காணாமற்போனோர் பெயர்ப் பட்டியல்கள் எத்தனையோ தட்டப்பட்டன. முகாம்களிலும் கோவில் மண்டபங்களிலும் கடைகளிலும், எந்தக் கணினி கிடைத்ததோ அதில், எந்த எழுத்துரு இருந்ததோ அதில் தட்டினார்கள். தமிழ் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் இலங்கையின் தேசிய நியமம் வந்தது 2008இல். அதற்குள் அந்தப் பட்டியல்கள் பல எழுத்துருக்களில் சிதறிவிட்டன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் இந்த ஊரின் மைந்தர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் கோப்பைச் சேமித்து வைப்பது ஆபத்து, அழிப்பதே பாதுகாப்பு. வன்தட்டுகளைத் துடைத்தோம். இறுவட்டுகளை உடைத்தோம். எஞ்சியவை, தற்செயலாக எஞ்சியவை.

எக்ஸ்பியின் நீண்ட ஆட்சி

2007இல் வந்த விஸ்டாவை இங்கே பலர் கண்ணாலும் காணவில்லை. இணையப் பாவனையை அளவிடும் ஸ்டட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்கில், உலகளவில் விண்டோஸ் 7 எக்ஸ்பியை முந்தியது 2011 ஒக்ரோபரில். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அதற்குப் பின்னரும் சில ஆண்டுகள் எமது அச்சகங்களில் எக்ஸ்பி ஓடியது, காரணம் பேஜ்மேக்கர். 2001இல் வந்த 7ஆம் பதிப்புடன் அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. அதில் வடிவமைத்த மலர்களும் கல்வெட்டுகளும் பழைய பெட்டியிலேயே குடியிருந்தன.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் கதை வேறு. அங்கே பல கிராமங்களுக்கு மின்கம்பி சென்றதே போர் ஓய்ந்த பின்னர்தான். விண்டோஸ் 98ஐயும் எக்ஸ்பியையும் காணாமலேயே அந்த மக்கள் நேராகக் கைப்பேசிக்கு வந்தார்கள். 2017 மார்ச்சில் ஸ்டட்கவுண்டரின் கணக்கில் அண்ட்ரொயிட் 37.93 விழுக்காட்டுடன் விண்டோசை (37.91) முதன்முதலாக முந்தியபோது உலகம் வியந்தது. படுவான்கரைக்கு அதில் வியப்பேதும் இல்லை. அங்குள்ள பிள்ளைகள் முதன்முதலில் தட்டிய தமிழே ஒருங்குறித் தமிழ். பாமினியின் சுமை அவர்கள் தோளில் ஏறவேயில்லை.

ஒரு தாயும் ஓர் இறுவட்டும்

2019இல், ஆழிப்பேரலையின் பதினைந்தாவது நினைவு நாளுக்குச் சில கிழமைகள் முன்னர், நாவலடியைச் சேர்ந்த ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். 2005இல் நான் வெளியிட்ட பட்டியலில் அவரது மகனின் பெயர் அச்சாகியிருந்தது. படமும் சான்றிதழும் கடலோடு போய்விட்டன. "அவன்ட பேர் எழுத்தில வந்தது அது ஒன்றுதான் தம்பி" என்றார். எனது பத்திரிகை நறுக்குகள் 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊறிப்போயிருந்தன. மூலக் கோப்பு ஓர் இறுவட்டில் இருந்தது. திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். பாமினியை அணிவித்தேன், பொருளற்ற தமிழ் வந்தது. அந்தப் பட்டியல் வேறொரு எழுத்துருவில், ஒரு கிராமத்துத் தட்டச்சுக் கடையில் தட்டப்பட்டது. எந்த மாற்றியிலும் அது இல்லை.

அந்தக் கடை எப்போதோ மூடப்பட்டுவிட்டது. உரிமையாளரைத் தேடிச் சென்றேன். வீட்டின் பின் அறையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், துணி போர்த்திய பழைய கணினி இருந்தது. மூன்றாம் முயற்சியில் உயிர் பெற்றது. திரையில் விண்டோஸ் 98இன் மேகங்கள். எழுத்துருக் கோப்புறையில் அது இருந்தது. நூறு கிலோபைற்றும் இல்லாத சிறு கோப்பு. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதை எடுத்து வந்து பட்டியலுக்கு அணிவித்தேன். ஒவ்வொரு வரியாகப் பெயர்கள் எழுந்தன. அந்தப் பையனின் பெயரும் வயதும் எழுந்தன. ஒருங்குறியில் மாற்றி அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாய் அதை மடிக்காமல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அன்றுதான் ஒன்று உறைத்தது. இயங்குதளங்கள் மாறுவதை வரைகோடாகப் பார்க்கிறோம். 2025 ஜூலையில் விண்டோஸ் 11, 10ஐ முந்தியது என்று செய்தி படிக்கிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கணினி விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், எமது வரைகோடு இன்னும் பின்தங்கும். அது பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் ஒவ்வொரு பழைய பெட்டியும் இரும்புக்குப் போகும்போது அதற்குள் இருக்கும் எழுத்துருவும் கூடப் போகிறது. எழுத்துரு போனால் கோப்பு இருந்தும் இல்லாததுதான். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் இந்த வாவியின் இரு கரைகளிலும் நடந்தவற்றுக்கு மக்கள் தம் கையால் எழுதிய சாட்சியங்களில் பல இப்படித்தான் கிடக்கின்றன.

எங்கிருந்தாலும் இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூலையில் பழைய கணினியோ இறுவட்டோ இருக்குமானால், எறிவதற்கு முன் எழுத்துருக் கோப்புறையைப் பிரதி எடுங்கள். ஊர்ச் சங்க மலர், கோவில் வரலாறு, அந்தியேட்டிக் கல்வெட்டு எதுவாயினும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். எந்தச் சட்டை எந்தக் கோப்புக்கு உரியது என்று ஒரு தாளிலாவது குறித்து வையுங்கள். நாவலடிப் பட்டியலில் அந்தப் பையனின் பெயருக்கு மேலும் கீழும் இருந்த பெயர்களைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை. வந்தால் கொடுப்பதற்கு இப்போது அது படிக்கக்கூடிய தமிழில் இருக்கிறது.