வெயில் ஊரின் கர்ப்பிணிகள்: வைட்டமின் டி ஆய்வு கடந்துவந்த பாதை

ஜப்பானில் மருத்துவப் பணி செய்து திரும்பிய தியோபால்ட் பாம், கீழை நாட்டு மருத்துவர்கள் பலரிடம் கடிதம்வழி விசாரித்து 1890இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தைகளின் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய், புகை மண்டிய பிரிட்டிஷ் தொழில் நகரங்களில் மிகுதி, வெயில் நாடுகளில் அரிது என்பது அவர் கண்ட முடிவு. அது சரியான முடிவுதான். ஆனால் வெயில் அடிக்கும் ஊரில் அந்நோய்க்குக் காரணமான வைட்டமின் டி குறையே வராது என்ற நம்பிக்கையும் அதன் கூடவே வளர்ந்துவிட்டது. விருதுநகர் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "இங்கே இல்லாத வெயிலா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

அதற்கான விடை நூறாண்டுக்கு முன்பே இந்திய மண்ணில் கிடைத்துவிட்டது. 1922இல் ஹட்சிசனும் ஷாவும் நாசிக்கில் செய்த ஆய்வை வெளியிட்டனர். நல்ல உணவு இருந்தும் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட வசதியான குடும்பத்துப் பெண்களையும் குழந்தைகளையும் எலும்பு நோய் பிடித்தது. அரைவயிற்றோடு வெளியே உழைத்த ஏழைப் பெண்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பினர். பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919இல் புற ஊதா விளக்கொளியால் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியிருந்தார். மீன் எண்ணெயில் உள்ள காப்புச் சத்துக்கு மெக்காலம் 1922இல் வைட்டமின் டி என்று பெயரிட்டார். தோலில் இச்சத்தை உண்டாக்கும் கதிர்கள் கூரையையும் கண்ணாடியையும் கடந்து வருவதில்லை. கருவிலுள்ள குழந்தைக்கோ தாயின் இருப்பைத் தவிர வேறு வழியில்லை.

அதே 1922இல்தான் விருதுநகர் வட்டாரத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றார்கள். மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். 1940 வாக்கில் பட்டாசு ஆலைகளும் வேரூன்றின. இந்த மாற்றத்தைக் கூலி, விபத்து, குழந்தைத் தொழிலாளர் என்ற கோணங்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கரிசல் காட்டில் களையெடுத்து, பருத்தி எடுத்த பெண்ணின் பகற்பொழுது கூரைக்கடியில் நகர்ந்ததைப் பற்றிப் பேச்சே குறைவு. காலையில் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறவர், தோலில் இச்சத்து நன்கு உருவாகும் முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரை அறைக்குள் இருக்கிறார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை வேறு. எல்லாரும் அப்படியல்ல, திரியும் வெடியும் காயவைப்பவர்கள் வெயிலிலேயே நிற்கிறார்கள். ஒரே ஆலைக்குள் நாசிக்கின் இரு தரப்பும் இருக்கக்கூடும் என்றே கருதுகிறேன்.

எலும்பிலிருந்து குழந்தையின் மொத்த வளர்ச்சிக்குக் கேள்வி விரிந்ததற்கு, தென்னிந்தியாவில் நல்ல சான்று மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. அங்கே 1997-98இல் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இச்சத்து குறைவு. அவர்களின் பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 9½ வயதிலும் கைத்தசை சற்றுச் சிறுத்திருந்தது; 9½ வயதில் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருந்தது.

மூளை வளர்ச்சியில் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 743 தாய்மாரைத் தொடர்ந்த ஆய்வு, கருவுற்ற 18ஆம் வாரத்தில் சத்து மிகக் குறைந்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மொழித்திறன் சிக்கல் ஏறக்குறைய இருமடங்கு என்று 2012இல் சொன்னது. மைசூர்ப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதித்தபோது தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. டென்மார்க்கில் கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் டியைக் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையில் பிள்ளைகளின் எலும்பு வலுப்பட்டது. பேச்சிலும் அறிவிலும் வேறுபாடில்லை. உடல் வளர்ச்சியைப் பொறுத்தவரை, டாக்காவில் 1,300 பெண்களிடம் நடந்த சோதனையும் குழந்தையின் உயர வளர்ச்சி மாறவில்லை என்றே 2018இல் அறிவித்தது. வெயில் படாத தாய் பல நேரம் நல்ல உணவும் ஓய்வும் இல்லாத தாயும்கூட. குறை எதனால் என்று பிரித்தறியாமல் பிள்ளையின் படிப்பு மந்தத்துக்குத் தாயின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காரணம் காட்டுவது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

ஆகவே உயர் அளவு ஊசியை நாடுவதற்குச் சான்று போதாது. உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வைட்டமின் டியைத் தனியாகக் கொடுக்கப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் 14ஆம் வாரம் முதல் அரசு தரும் கால்சியம் மாத்திரை ஒவ்வொன்றிலும் 250 அலகு வைட்டமின் டி உண்டு. நாளுக்கு இரண்டு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. அதைச் சாப்பாட்டோடு, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். வண்டியைப் பிடிக்க விடியலில் ஓடும் பெண்ணால் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடிகிறதா என்பதே எனக்கு முதற்கேள்வி. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஓர் ஆய்வு தொடங்கினால், கர்ப்பிணிகளைச் சாதி, வருமானம் என்று மட்டும் பிரிக்காமல், காட்டு வேலை, ஆலை அறை, காயவைக்கும் மேடை, வீட்டில் பட்டாசுக் குழாய் சுருட்டுதல் எனப் பகல் கழியும் இடத்தை வைத்தும் பிரிக்க வேண்டும்.