நங்கை நடக்கும் சாலை: நவராத்திரி ஊர்வலமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையும்

ஆண்டுதோறும் புரட்டாசியில், நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலிருந்து திருவிதாங்கூர் மன்னர்களின் உடைவாள் வெளியே எடுக்கப்படுகிறது. கேரள அமைச்சர்களும் இரு மாநில அதிகாரிகளும் கூடி நிற்க, முறைப்படி அது கைமாறுகிறது. இந்தச் சடங்கு நடக்கும் இடம் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். ஆனால் அரண்மனையை நிர்வகிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மன்னராட்சி மறைந்து, மாநிலங்கள் மாறிய பின்னும், ஒரு மாநிலத்தின் மண்ணில் நிற்கும் கட்டடத்திலிருந்து மற்றொரு மாநிலத்தின் தலைநகருக்கு வாள் புறப்படுகிறது. அதன் பின்னே மூன்று தெய்வங்கள் செல்கின்றன.

பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்துத் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமீது எழுந்தருள்கிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளில் வருகின்றனர். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் மாநில எல்லை. அதைத் தாண்டிப் பாறசாலை வழியாகச் சென்று, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ண சுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் கரமனை வழியே திருவனந்தபுரம். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இந்தத் தொலைவு முழுவதும் கால்நடையாகவே கடக்கப்படுகிறது.

ஊர்வலத்தின் தோற்றத்தை விளக்க இரண்டு கதைகள் உள்ளன. ஒன்று அரசியல் வரலாறு. திருவிதாங்கூரின் தலைநகர் முதலில் பத்மநாபபுரமாக இருந்தது. 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, அதாவது தர்மராஜா காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசர் இடம் மாறினார். ஆனால் நவராத்திரி வழிபாட்டுக்குரிய தெய்வங்கள் பழைய இடங்களிலேயே இருந்தன. எனவே வழிபாடு புதிய தலைநகரில் நடக்கவேண்டுமெனில், தெய்வங்கள் ஆண்டுக்கொருமுறை நடந்துபோக வேண்டியதாயிற்று.

மற்றொன்று செவிவழிக் கதை. தேவாரக்கெட்டு சரஸ்வதி, கம்பர் வழிபட்ட தெய்வம் என்றும், நவராத்திரி வழிபாடு தடையின்றி நடக்கவேண்டும் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் அக்கதை கூறுகிறது. இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், ஒரு தமிழ்க் கவிஞனின் தெய்வத்தை மலையாளத் தலைநகரம் ஆண்டுதோறும் எதிர்கொண்டு வரவேற்கிறது என்னும் நம்பிக்கையை இரு மொழியினரும் இயல்பாகவே சொல்லிவருகின்றனர். எல்லைப்புறத்து மக்கள் தங்கள் கடந்தகாலத்தை எவ்வாறு நினைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இக்கதை சான்றாகும்.

ஊர்வலம் கடக்கும் நாளில் பாறசாலைப் பகுதிச் சாலையோர வீடுகளின் முன் நிலவிளக்குகள் ஏற்றப்படுகின்றன. தட்டில் பூவும் பழமும் தேங்காயும் வைத்து மக்கள் காத்திருக்கின்றனர். தெய்வத்தைக் காணக் கோயிலுக்குப் போகவேண்டிய தேவை அன்று இல்லை. நெடுஞ்சாலையே கோயிலின் சுற்றுப்பாதையாகிவிடுகிறது. நெய்யாற்றின்கரையில் தெய்வங்கள் இரவு தங்கும் கோயிலின் வளாகத்தில் ‘அம்மச்சிப்பிலாவு’ என்னும் பழம் பலாமரத்தின் அடிப்பகுதி பாதுகாக்கப்பட்டுள்ளது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்திருந்ததாக மரபு கூறுகிறது. பத்மநாபபுரத்தையும் திருவனந்தபுரத்தையும் இணைத்த அரச வழியில் இவ்வூர்கள் நடுவழித் தாவளங்களாக இருந்தன. எல்லையோரம் என்னும் நிலை அவற்றுக்குப் பின்னர் வந்தது.

அந்நிலை வந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முந்தைய பத்தாண்டில் தென் திருவிதாங்கூரின் தமிழர்கள், மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வழியாகத் தமிழகத்துடன் இணையப் போராடினர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் உயிரிழந்தனர். பசல் அலி ஆணையத்தின் 1955 அறிக்கைக்குப் பின், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலையும் அதனுள் அடங்கியது. மூன்று தெய்வங்களின் இருப்பிடங்களும் கோட்டின் தெற்கே போக, அவை சென்றுசேரும் இடம் வடக்கே நின்றது.

மொழிவாரி மாநிலம் என்னும் கொள்கைக்கு ஓர் உள்ளார்ந்த அனுமானம் உண்டு: ஒரு மொழி முடியும் இடமும் மற்றொன்று தொடங்கும் இடமும் வரைபடத்தில் காட்டத்தக்கவை என்பது அது. களியக்காவிளைக்கு இருபுறமும் வாழ்வோரின் பேச்சு இதற்கு இடம்கொடுப்பதில்லை. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு. பாறசாலையில் தமிழ் பேசும் வீடுகள் உண்டு. மரவள்ளிக்கிழங்கு இருபுறமும் ‘மரச்சீனி’தான். குடிக்கும் நீர் ‘வெள்ளம்’, பலாப்பழம் ‘சக்கை’. கோட்டின் இப்புறம் இவை வட்டார வழக்கு எனப்படுகின்றன. அப்புறம் இவையே மலையாளம்.

ஊர்வலத்தோடு தொடர்புடைய சொற்களைக் கூர்ந்து நோக்கினால் இன்னும் நுட்பமான செய்தி கிடைக்கிறது. தெய்வம் புறப்படுவதைத் தமிழ் ‘எழுந்தருளல்’ என்கிறது. மலையாளம் ‘எழுந்நள்ளத்து’ என்கிறது. இரண்டும் ஒரே வேர். ‘வந்து’ என்பது ‘வந்நு’ ஆவதுபோல, மூக்கொலியை அடுத்த வல்லொலி மூக்கொலியாகவே மாறும் மலையாளத்தின் சீரான மாற்றம் இச்சொல்லில் நிகழ்ந்துள்ளது. எனவே இது இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொத்து. பிரிவுக்குப் பின் அவரவர் ஒலிமரபுப்படி வளர்ந்தது.

‘முன்னுதித்த நங்கை’ என்னும் பெயரின் நிலை வேறு. மலையாளத்தில் அது ‘முன்னூற்றிநங்க’ என வழங்குகிறது. ‘முன்னே தோன்றியவள்’ என்னும் பொருள் மறைந்து, ‘முன்னூறு’ என்னும் எண்ணின் சாயல் ஏறிவிட்டது. பொருள் விளங்காத பெயரைத் தமக்கு விளங்கும் சொல்லாக மக்கள் மாற்றிக்கொள்ளும் இயல்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘மாங்காய்’ மலையாளத்தில் ‘மாங்ங’ ஆகும். ‘தேங்காய்’ ‘தேங்ங’ ஆகும். ‘நங்கையார்’ என்பதே ‘நங்ங்யார்’ ஆகிக் கூத்து மரபில் நிலைபெற்றது. அவ்விதிப்படி இந்தப் பெயரும் ‘நங்ங’ என்றிருக்க வேண்டும். ஆனால் அது ‘நங்க’ என்றே நிற்கிறது. மாற்றம் நிகழ்ந்து முடிந்த பின்னர், தமிழ் வழங்கும் சுசீந்திரத்திலிருந்து, பெயர் தெய்வத்தோடு சேர்ந்து வடக்கே சென்றது என்று கொள்ள இதில் இடமுண்டு.

மூன்றாவது சொல் ‘தேவாரம்’. இன்றைய தமிழருக்கு அது மூவர் பாடிய பதிகத் தொகுப்பின் பெயர். சோழர் கல்வெட்டுகளிலோ அது அரசரின் தனிவழிபாட்டைக் குறித்தது. பத்மநாபபுரத்தின் ‘தேவாரக்கெட்டு’ என்பது அரண்மனையின் வழிபாட்டுக் கட்டடம். தமிழ்நாட்டில் பெருவழக்கொழிந்த பழம்பொருளை அப்பெயர் காத்துவைத்துள்ளது. ஆக, ஒரே ஊர்வலத்தின் சொற்களில் மூன்று அடுக்குகள் தெரிகின்றன: இரு மொழிகளும் பிரியுமுன் இருந்த சொல், பிரிந்தபின் சாலை வழியே சென்ற சொல், பெருமரபு மறந்ததை எல்லைப்புறம் மறவாத சொல். வரைபடத்தில் ஒற்றைக் கோடாகத் தெரியும் எல்லை, சொற்களில் பல நூற்றாண்டு அகலமுள்ள நிலப்பரப்பாக விரிகிறது.

இதனை மத, மொழி நல்லிணக்கத்தின் இனிய காட்சியாக மட்டும் வரைந்து நிறுத்துவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஊர்வலத்துக்குக் களியக்காவிளையில் தமிழ்நாட்டுக் காவல்துறை விடைகொடுக்கிறது. கேரளக் காவல்துறையும் தேவசம் துறையினரும் எதிர்கொள்கின்றனர். இந்த மரியாதையும் எல்லையை உறுதிப்படுத்தும் ஒரு சடங்கே. தெய்வங்கள் தாண்டும் அதே கோட்டில் தண்ணீர் நின்றுபோனது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்துவந்தது. 2004இல் கேரளம் அதனை நிறுத்தியது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. நெய்யாற்றின் கரையில் இரவு தங்கித் திரும்பும் தெய்வங்களுக்குக் கிடைத்த வழி, அந்த ஆற்றின் நீருக்குக் கிடைக்கவில்லை. பண்பாட்டுத் தொடர்ச்சி இருப்பதனாலேயே அரசியல் பிணக்கு தீர்ந்துவிடுவதில்லை.

திருவனந்தபுரத்தை அடைந்ததும் மூவரும் பிரிகின்றனர். சரஸ்வதி கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் எழுந்தருள்கின்றனர். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்குச் செல்கிறார். அந்த நாள்களில் நகரத்தின் தெருக்கள் நிரம்பி வழிகின்றன. ஆனால் நவராத்திரி மண்டபத்துக்குள் வேறோர் ஒழுங்கு நிலவுகிறது. முள்ளமூடு பாகவதர்களின் தோடயமங்களத்துடன் மாலைக் கச்சேரி தொடங்கும். கைத்தட்டல் கிடையாது. கேட்போர் மனிதராயினும், பாடப்படுவது சரஸ்வதியின் முன். சுவாதித் திருநாள் (1813–1846) ஒன்பது நாள்களுக்கென இயற்றிய ஒன்பது சமஸ்கிருதக் கீர்த்தனைகளில் நாளுக்கொன்று அங்கே முதன்மையாகப் பாடப்படும். சங்கராபரணம், கல்யாணி, சாவேரி எனத் தொடங்கும் வரிசை ஆரபியில் நிறைவுறும்.

அந்த மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட அனுமதி இல்லை. கல்வியின் பெண்தெய்வம் எதிரே வீற்றிருக்க, அவள் முன் பாடும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. ஊர்வலம் ஆண்டுதோறும் கடக்கும் பாறசாலையில் 1924இல் ஒரு பெண் பிறந்தார்: பாறசாலை பி. பொன்னம்மாள். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்ற முதல் மாணவி அவர், பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியரானார், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றி 1980இல் ஓய்வு பெற்றார். தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சுவாதித் திருநாள் கீர்த்தனைகளைக் கற்பித்த அவருக்கு, அக்கீர்த்தனைகளுக்கென்றே அமைந்த மண்டபத்தில் இடம் இருக்கவில்லை.

2006 நவராத்திரியில் அந்தத் தடை நீங்கியது. எண்பது வயதைக் கடந்திருந்த பொன்னம்மாள் அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணியானார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2021 ஜூன் 22 அன்று அவர் மறைந்தார். பாறசாலையிலிருந்து கோட்டைக்கு உள்ள தொலைவைத் தெய்வங்கள் இரண்டே நாளில் நடந்து கடக்கின்றன. அதே ஊரில் பிறந்த ஓர் இசைக்கலைஞருக்கு அந்த வாசலைத் தாண்ட எட்டுப் பதிற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எல்லை என்றால் 1956இன் கோடு மட்டுமே என எண்ணும் ஆய்வுகள் இந்த மற்றோர் எல்லையைத் தவறவிடுகின்றன. மரபு என்ற பெயரில் நின்ற ஒரு விலக்கு நீங்கியபோது மரபு குலைந்துவிடவில்லை என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. யானையும் பல்லக்கும் முன்போலவே வந்தன. அதே கீர்த்தனைகள் அதே வரிசையில் பாடப்பட்டன.

விஜயதசமிக்குப் பின் தெய்வங்கள் ஒருநாள் ஓய்வு கொள்கின்றன. அந்த நாளுக்கு மலையாளத்தில் ‘நல்லிரிப்பு’ என்று பெயர். தமிழர் எவரும் அதனை ‘நல்லிருப்பு’ என எளிதில் உணர்ந்துகொள்வர். மறுநாள் வந்த வழியே திரும்பல் தொடங்கும்: மீண்டும் நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, பத்மநாபபுரம். சாலையோர நிலவிளக்குகள் மறுபடி ஏற்றப்படும்.

கோயில் வரலாறு, இசை வரலாறு, எல்லைப் போராட்ட வரலாறு, கிளைமொழியியல் ஆகியவை தனித்தனித் துறைகளில் எழுதப்பட்டுள்ளன. இந்த ஐம்பது கிலோமீட்டர்ச் சாலையில் அவை நான்கும் ஒன்றாக நடக்கின்றன. அந்தச் சாலையோரத்தில் விளக்கேற்றிக் காத்திருப்போர் தெய்வத்தை எந்தச் சொல்லால் அழைக்கின்றனர், எந்த மொழியில் வேண்டுகின்றனர், அவ்வேண்டுதலில் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எவ்விடத்தில் மாறுகின்றனர் என்பவை பதிவுசெய்யப்பட வேண்டியவை. பொன்னம்மாளின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. தொலைக்காட்சியும் பள்ளியும் எல்லையின் இருபுறமும் பேச்சைச் சீர்ப்படுத்தி வருகின்றன. ‘முன்னூற்றிநங்க’ என்று சொல்லிக் கைகூப்பும் மூதாட்டியின் குரல் பதிவாகாமல் போனால், அந்தப் பெயர் எவ்வழியே வந்தது என்பதைச் சொல்ல வரைபடத்தால் இயலாது.