தஞ்சையில் நெளிந்த கருவி

ஆராய்ச்சிக்கு அடிப்படை, பிழையற அளந்தறிதலாகும். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்பார், சென்னைப் பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலிகொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அப்பணி 57 நாள் நீடித்தது. அக்கோட்டினை ஆதாரமாக வைத்து, தியோடலைற்று எனும் கருவியாற் கோணங்களை அளந்து, முக்கோணத்தோடு முக்கோணம் தொடுத்து நிலத்தைக் கணித்துச் சென்றார். ஒரு கோணம் பிழைப்பின், அதனைத் தொடர்ந்து வருவன யாவும் பிழைபடும்.

1808இல், அரைத்தொன் நிறையுடைய அக்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றுகையிற் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் கோணவட்டம் நெளிந்தது. லாம்ப்டன் அதனைக் கழற்றி, ஆறு வாரம் சிறிது சிறிதாக நிமிர்த்திச் சீர்செய்த பின்னரே அளவையைத் தொடர்ந்தார். அவர் தொடக்கிய அவ்வளவையே பிற்காலத்தில் எவரெஸ்ற் சிகரத்தின் உயரத்தையும் கண்டறிந்தது.

கருவி பழுதுபடுதல் இயல்பு. பழுதறிந்தும் திருத்தாது குறித்த அளவே ஆராய்ச்சியைக் கெடுப்பது.