ராணி மறைத்த தொப்புளும் அப்பத்தாவின் ஒரு ரூபாயும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்லவும் முடியாது, இருக்கறது பிரசவ லீவுல. 2017ல சட்டத்தைத் திருத்தி 26 வாரம் குடுத்தாங்களே, அந்தப் புண்ணியம். இப்போ ஆலங்குடியில அம்மா வீட்டு வாசத்திண்ணையில உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன். (குருப்பெயர்ச்சிக்குக் கூட்டம் அலைமோதுமே, அந்த ஆலங்குடி திருவாரூர் மாவட்டம். நான் சொல்றது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. பழைய தொண்டைமான் சமஸ்தானத்தோட மூணு தாலுகாவுல ஒண்ணு.)

பிரசவம் முடிஞ்சு இருபது நாள்ல தொப்புள் பக்கம் ஒரு சின்ன உருண்டை. படுத்தா உள்ள போயிடும், இருமினா வெளிய வரும். அம்மாகிட்ட கூட சொல்லல. புள்ள பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நாப்பத்தஞ்சாவது நாள் ராத்திரி அது உள்ள போக மறுத்துடுச்சு. வாந்தி, உயிர் போற வலி. புதுக்கோட்டைக்கு ஓடி, விடியறதுக்குள்ள அறுவை சிகிச்சை முடிஞ்சுது. குடலிறக்கம், அதாவது ஹெர்னியா.

இனி கொசுவர்த்தி சுத்துவோம். ரொம்ப தூரம், 1737ம் வருஷ லண்டனுக்கு.

இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜோட மனைவி கரோலின். படிச்சவங்க, விஞ்ஞானத்துல ஆர்வம் உள்ளவங்க. அம்மை குத்திக்க ஊரே பயந்த காலத்துல, 1722ல தன் மகள்களுக்கே குத்த வச்சவங்க. அப்படிப்பட்ட தைரியசாலி ஒரே ஒரு விஷயத்துல மட்டும் ஒளிஞ்சுக்கிட்டாங்க. 1724ல கடைசிப் பொண்ணு லூயிசா பொறந்தப்போ தொப்புள்ல குடலிறக்கம் வந்துச்சு. புருஷனைத் தவிர அநேகமா யாருக்கும் தெரியாது. பதிமூணு வருஷம்! அரண்மனை முழுக்க வைத்தியர்கள், ஆனா ஒருத்தர்கிட்டயும் காட்டல.

1737 நவம்பர் 9ம் தேதி வயித்து வலியில சுருண்டுட்டாங்க. வைத்தியர்கள் என்னென்னவோ மருந்து குடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. வயித்த மட்டும் யாரையும் பாக்க விடல. கடைசியில ராஜாவே பொறுக்க முடியாம ஜான் ரான்பிங்கற சர்ஜன்கிட்ட விஷயத்தப் போட்டு உடைச்சார். அதுக்குள்ள காலம் கடந்து போச்சு. மயக்க மருந்து இல்லாத காலம், முழிச்சிருக்கும்போதே கத்தி. 17ம் தேதி குடல் வெடிச்சுது. 20ம் தேதி ராணி இறந்துட்டாங்க, வயசு 54.

கொடுமை இதோட முடியல. அந்தக் கடைசிப் பொண்ணு லூயிசா வளர்ந்து டென்மார்க்குக்கு ராணியானா. 1751 டிசம்பர்ல, மறுபடி கர்ப்பமா இருந்தப்போ, அவளுக்கும் குடலிறக்கம் சிக்கிக்கிச்சு. ஆபரேஷன் பண்ணியும் பொழைக்கல. வயசு 27. எனக்கு 28. இதை ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு மொபைல்ல படிச்சப்போ கை நடுங்குச்சு.

பொறியியல் படிச்ச மண்டைக்கு இது சாதாரண மெக்கானிக்ஸ். கர்ப்பத்துல வயித்து நடுக்கோட்டுத் தசை நார் விரிஞ்சு குடுக்குது. தொப்புள் ஏற்கெனவே பலவீனமான எடம். ஓட்டை விழுந்தா உள்ள இருக்கற கொழுப்போ குடலோ எட்டிப் பாக்கும். சிக்கி ரத்த ஓட்டம் நின்னாத்தான் ஆபத்து. இந்த நோய் புதுசும் இல்ல. சுஸ்ருதர் சொன்ன ஏழு வகை 'விருத்தி'யில குடல் இறங்கறதும் ஒண்ணு. ஆனா நம்பி ஒட்டுப் போட 19ம் நூற்றாண்டு முடியணும். 1887ல இத்தாலிக்காரர் பாசினி அடிவயித்துக் குடலிறக்கத்துக்கு வழி சொன்னார். 1901ல அமெரிக்காவுல வில்லியம் மேயோ தொப்புளுக்குச் சொன்னார்: ஒரு பக்கத் தசை மேல இன்னொரு பக்கத்த ஏத்தி, கோட்டு பட்டன் போடற மாதிரி மடிச்சுத் தைக்கணும். பிளாஸ்டிக் வலை வச்சுத் தைக்கறது 1950களுக்கு அப்புறம். என்னோடது சின்ன ஓட்டைங்கறதால வலை இல்லாம தையல் மட்டும்.

நம்ம ஊர்ல மறைக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு: காட்ட பொம்பள டாக்டர் இல்ல. பெண்கள் டாக்டர்கிட்ட போகாமலே சாகறதப் பாத்துட்டுத்தான் மேரி ஷார்லீப் 1875ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்தாங்க. கூட இன்னும் மூணு பெண்கள். லண்டன்லயும் படிச்சுட்டுத் திரும்பி வந்து 1885ல அவங்க ஆரம்பிச்சதுதான் கோஷா ஆஸ்பத்திரி, இன்னிக்கு திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அப்புறம் நம்ம புதுக்கோட்டைப் பொண்ணு முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில பொண்ணு படிக்கறதான்னு எதிர்ப்பு வந்தும், ராஜா அனுமதி குடுத்து, 1907ல சென்னை போய் 1912ல டாக்டரானாங்க. இன்னிக்கு நம்ம ஊர் கர்ப்பிணிங்க வாங்கற மகப்பேறு நிதி அவங்க பேர்லதான்.

சரி, வீட்டுக் கதைக்கு வருவோம். ஆபரேஷன் ஆன மறுநாளே நடக்கச் சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு அதிர்ச்சி. முன்னாடியெல்லாம் வாரக்கணக்குல படுக்க வைப்பாங்களாம். 1899லயே சிகாகோவுல எமில் ரீஸ்ங்கறவர் சீக்கிரம் நடக்க வச்சா நல்லாத் தேறுறாங்கன்னு எழுதிட்டார், ஆனா அது ஊர்ப்பழக்கமாக இரண்டாம் உலகப்போர் வரணும்னு ஆச்சு. எழுந்திரிக்கறப்போ ஒருக்களிச்சு, கையூணி. இருமறப்போ வயித்துமேல தலையணை. குழந்தைய விடக் கனமானது எதையும் தூக்கக்கூடாது. முக்கக்கூடாதுங்கறதால கீரை, பழம், தண்ணி நிறைய. இங்கதான் சண்டை. பத்தியத்துல பழமா, பச்சைத்தண்ணியான்னு அப்பத்தா ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல.

மூணாவது நாள் வெத்தலை இடிச்சுக்கிட்டே, "என்னடி அந்த ராணி கதை?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். பதிமூணு வருஷம்னதும் இடிக்கறது நின்னுச்சு. "பதிமூணுதானா?"ன்னாங்க. சேலைக் கொசுவத்த லேசா எறக்கிக் காட்டினாங்க. தொப்புள் மேல ஒரு ரூபாய்க் காசு, அதுக்கு மேல துணி வச்சு இறுக்கிக் கட்டு. சின்னச் சித்தப்பா பொறந்ததுல இருந்தாம். சித்தப்பாவுக்கு இப்போ நாப்பத்தியெட்டு. தாத்தாவுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டோடதான் இத்தனை வருஷம் நடவு, களையெடுப்பு, தண்ணிக்குடம் எல்லாம்.

அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். போன வாரம் கூட்டிட்டுப் போய்க் காட்டியாச்சு. ஈசிஜி, எக்கோ, சுகர் டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. அப்பத்தா டாக்டரம்மாகிட்ட கேட்டது ஒரே கேள்வி: "தச்சதுக்கப்புறம் கொள்ளுப்பேரன தூக்கலாமாத்தா?"

ஆறு வாரம் கழிச்சுன்னு சொல்லியிருக்காங்க. இப்போ வீட்ல அவனைத் தூக்கக் கூடாதவங்க ரெண்டு பேரு. அம்மாவுக்குத்தான் இடுப்பு போகப்போகுது.