காரைக்காலுக்கும் அல்ஜியர்ஸுக்கும் ஒரே தேதி

பாரிஸில் எங்கள் அரசியல் வகுப்பை ஒரு நாள் காலை நாடாளுமன்றத்துக்கும் மாலை சினிமாவுக்கும் கூட்டிப் போனார்கள். கூட வந்தவர்களுக்கு அது ஊர் சுற்றல். காரைக்கால் கோவில்பத்தில், பார்வதீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்த எனக்கு, எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றை அன்றுதான் சரிபார்க்க முடிந்தது.

நாடாளுமன்றம் சேன் ஆற்றங்கரையில் பூர்போன் மாளிகையில் இருக்கிறது. எதிரிலுள்ள கொன்கோர்து பாலத்தில் பஸ்தீய் சிறையை இடித்த கல்லும் சேர்ந்திருக்கிறதாம். பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனால் அரைவட்டமாகச் சிவப்பு மெத்தை இருக்கைகள். இன்று உறுப்பினர்கள் 577 பேர். பிரெஞ்சிந்தியாவுக்கும் இங்கே ஓர் இடம் இருந்தது என்பதை வழிகாட்டி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். 1951இல் அந்த இடத்துக்குத் தேர்வானவர் எதுவார் குபேர். 1954இல் இந்தியாவோடு இணையும் பக்கம் சாய்ந்தார், 1963இல் புதுச்சேரி முதலமைச்சரானார். கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான்.

1954 மே மாதம் இந்தோசீனாவின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்துப் பிரதமரான மென்டெஸ் பிரான்ஸ் இந்தோசீனாவை முடித்த கையோடு எங்களையும் முடித்தார். அக்டோபர் 18இல் கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்ததும் அதே நவம்பர் 1. பத்துப் பன்னிரண்டு நாளில் அதே பிரதமர் இதே மன்றத்தில் எழுந்து, அல்ஜீரியா குடியரசைவிட்டுப் போகாது என்றார். காரைக்காலை விட்டுக்கொடுத்தவருக்கு அல்ஜியர்ஸை விட மனமில்லை. அங்கே பத்து லட்சம் ஐரோப்பியர் குடியிருந்தார்கள், காரைக்காலில் யார் இருந்தார்கள்?

மாலையில் பார்த்த படம் 'அல்ஜியர்ஸ் போர்'. இத்தாலியரான ஜில்லோ பொந்தெகொர்வோ 1966இல் எடுத்தது. அந்நகரத்துச் சந்துகளிலேயே, பெரும்பாலும் நடித்துப் பழகாத ஊர்க்காரர்களை வைத்து எடுத்திருக்கிறார். செய்திப்படம் என்றே நம்பிவிடுவோம், ஆனால் ஓர் அடிகூட அப்படி எடுத்ததில்லை. பிரான்ஸில் சில ஆண்டுகள் திரையிட விடவில்லை. படத்தில் பிரெஞ்சுக் கர்னல் மத்தியே, சித்திரவதை பற்றிக் கேட்கும் நிருபர்களைத் திருப்பிக் கேட்கிறார்: பிரான்ஸ் இங்கே இருக்க வேண்டுமா? ஆம் என்றால் அதற்கான விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கர்னலாக வரும் ழான் மார்த்தேன், நிஜத்தில் அல்ஜீரியப் போருக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டவர்!

இனி எங்கள் கணக்கு. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலோ ஆறு ஆண்டு இழுத்தது. மக்கள் சம்மதமின்றி மண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் அரசியல் சட்டம், கீழூர் வாக்கு போதாது என்றார்கள் சிலர். அது சாக்கு என்பதே என் எண்ணம். அல்ஜீரியா எரிந்துகொண்டிருக்கும்போது இன்னொரு நிலத்தை எழுதிக்கொடுக்கும் துணிச்சல் பிரான்ஸில் எந்த அரசுக்கும் இருக்கவில்லை. 1962 ஜூலை தொடக்கத்தில் அல்ஜீரியா விடுதலையானது, அதே மாதம் எங்கள் ஒப்பந்தமும் நிறைவேறியது. ஆகஸ்ட் 16 முதல் காரைக்கால் சட்டப்படியும் இந்தியா. அதுவரை எட்டு வருடம் நிர்வாகம் டெல்லியிடம், சட்டப்படி உரிமை பாரிஸிடம்.

அதன்பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். எங்கள் பக்கத்துச் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடுகளின் பென்ஷனும் பாஸ்போர்ட்டும் பற்றி ஊர் நிறையப் பேசும். அவர்கள் எங்கே, யாரோடு சண்டை போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பட்டாளப் புத்தகம் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சைகோன் என்றோ அல்ஜீரியா என்றோ எழுதியிருந்தால், நினைவுள்ள பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.