தேயிலையை உலர்த்திய விதி

1867ஆம் ஆண்டு கண்டிப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆதியில் அங்கே உருட்டிய கொழுந்து, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் கம்பித் தட்டுகளில் உலர்த்தப்பட்டது. அத்தட்டுகளை ஊடுருவிச் சூடான காற்று மேலெழுந்தது ஏன்? அதற்குரிய விடை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே பாரிஸில் கிடைத்திருந்தது.

1783இல் ஐதரசன் பலூனில் வானேறிய ஜாக் சார்ல்ஸ், வெவ்வேறு வாயுக்கள் சூட்டினால் ஒரே அளவாக விரிவதை 1787இல் கண்டார். அமுக்கம் மாறாதிருப்பின், ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும், வாயு 0 பாகையில் கொண்ட கனவளவில் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கு பெருகும். இதுவே சார்ல்ஸ் விதி. 20 பாகையிலுள்ள 4 கன அடிக் காற்று 93 பாகையில் 5 கன அடியாகும்; எடையோ மாறாது. ஆகவே அது இலேசாகி மேலெழுகிறது. கொழுந்தின் ஈரத்தையும் ஏந்திச் செல்கிறது.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன் ஆக்கிய 'சிரோக்கோ' உலர்த்தி இவ்வியல்பையே பயன்கொண்டது. பின்னர் விசிறி பொருத்திய உலர்த்திகள் ஹட்டன், நுவரெலியா ஆலைகளிலும் இடம்பெற்றன.

சார்ல்ஸ் தம் முடிவை அச்சிடவில்லை. 1802இல் அதனை வெளியிட்ட கே-லுசாக், சார்ல்ஸே முன்னர் கண்டவர் என்று மறவாது எழுதினார். தமிழகத்திலிருந்து வந்து, மலைநாட்டு ஆலைகளில் விறகு சுமந்து கனல் காத்த தொழிலாளரின் பெயர்களையோ தோட்ட வரலாறுகள் பெரும்பாலும் குறிக்கவில்லை. கே-லுசாக் காட்டிய நேர்மை அவர்களுக்கும் உரியது.