அலபாமா கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர்கள்: பிரையண்ட் காலம் முதல் சேபன் காலம் வரை

அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள். ஒருவர், 1958 முதல் 1982 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த பால் 'பேர்' பிரையண்ட். மற்றவர், 2007 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பில் இருந்த நிக் சேபன். இருவரும் பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகருக்கு ஆளுக்கு ஆறு தேசியப் பட்டங்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கீழே உழைத்த துணைப் பயிற்சியாளர்களின் பெயர்கள் அந்த நூல்களில் வந்துபோகும், வரலாறாக நிற்பதில்லை. அந்தத் துணைப் பயிற்சியாளர்கள் எவ்வளவு காலம் தங்கினார்கள், எங்கே போனார்கள், அவர்கள் போனபிறகு அணி எப்படித் தாக்குப்பிடித்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரையண்ட் காலத்தில் அணியின் அறிவு ஆட்களிடம் தங்கியிருந்தது. சேபன் அதை ஆட்களிடமிருந்து பிரித்து நடைமுறையாக மாற்றினார். இந்த மாற்றம் அலபாமாவுக்குப் பட்டங்களைத் தந்தது. அதே மாற்றம் அதன் எதிரிகளையும் வளர்த்தது.

இங்கே பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்து கையில் இருக்கும்போது ஆடும் தாக்குதல் அணி வேறு, எதிரியைத் தடுக்கும் தற்காப்பு அணி வேறு. இந்தப் பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. ஆட்டக்காரர்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள 1941-இல் விதி இடம் கொடுத்தது. 1945-இல் மிச்சிகன் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர், பலம் மிக்க ராணுவ அகாதெமி அணிக்கு எதிராகத் தாக்குதலுக்கு ஒரு குழுவையும் தற்காப்புக்கு ஒரு குழுவையும் இறக்கிக் காட்டினார். 1953-இல் அந்த வாசல் மூடப்பட்டது. மீண்டும் முழுமையாகத் திறக்க 1965 ஆயிற்று. துணைப் பயிற்சியாளர் வரலாற்றில் இந்த விதிமாற்றத்தைவிட முக்கியமான நிகழ்வு இல்லை என்பது என் கருத்து. ஒரே ஆட்டக்காரர் இரு பக்கமும் ஆடியவரை, பயிற்றுவிப்பவரும் எல்லாம் தெரிந்தவராக இருந்தாக வேண்டியிருந்தது. குழுக்கள் பிரிந்ததும் பயிற்சியாளரின் வேலையும் பிரிந்தது. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிகள் வலுப்பெற்றன. தனித் துறை வாய்த்தவருக்குத் தனிப் பெயரும், தனிப் பெயர் வாய்த்தவருக்கு வெளியிலிருந்து அழைப்பும் வரத் தொடங்கின.

பிரையண்டின் கூடாரம்

பிரையண்ட் பயிற்சித் திடலில் உயர்ந்த கோபுரம் ஒன்றில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். கீழே திடலில் ஆட்டக்காரர்களுடன் புழுதியில் நின்றவர்கள் துணைப் பயிற்சியாளர்கள். அவர்களில் பலர் அவரிடமே ஆடியவர்கள். மால் மூர் அவரிடம் ஆடினார். 1964 முதல் 1982 வரை அவருக்குத் துணையாகவும் இருந்தார். தற்காப்பை வடிவமைத்த கென் டோனஹூ அதே 1964-இல் வந்து, பிரையண்ட் ஓய்வுபெற்ற பின்னும் தங்கினார். மற்றவர்கள் போகாமல் இல்லை. ஜெர்ரி கிளெய்போர்ன், ஜீன் ஸ்டாலிங்ஸ், ஹோவர்ட் ஷ்னெல்லன்பர்கர், பேட் டை என்று நீண்ட வரிசை வெளியே போய்த் தலைமைப் பயிற்சியாளரானது. ஆனால் உள்ளே ஒரு நடு வட்டம் கலையவே இல்லை. அணி தன் ஆட்டமுறையையே மாற்றிய நேரத்தில் இதன் பயன் தெரிந்தது. 1969, 1970 ஆகிய இரு பருவங்களிலும் அலபாமா ஆறு ஆட்டங்களுக்கு மேல் வெல்லவில்லை. பிரையண்ட் 1971 கோடையில் டெக்ஸஸ் பயிற்சியாளர் டேரல் ராயலின் உதவியோடு 'விஷ்போன்' என்ற ஓட்டமுறையைக் கொண்டுவந்தார். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாமல் பயிற்சி நடந்தது. பருவத்தின் முதல் ஆட்டத்தில் தெற்குக் கலிபோர்னியா அணி 17-10 என்று தோற்றது. முழுப் பயிற்சிக் குழுவும் ஒரே கோடையில் புதிய முறையைக் கற்றுக் கற்பித்து, வெளியே ஒரு சொல் கசியாமல் காத்தது. ஒருவரையொருவர் ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்களால் மட்டுமே இது ஆகும்.

அதே ஆட்டத்தில் ஜான் மிட்செல் களமிறங்கினார். அலபாமா அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். இரண்டே ஆண்டுகளில், 1973-இல், பிரையண்ட் அவரைத் துணைப் பயிற்சியாளராக நியமித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் துணைப் பயிற்சியாளரும் அவரே. பின்னாளில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பயிற்றுவித்தார். சில்வெஸ்டர் குரூமின் கதை இன்னும் அழுத்தமானது. பிரையண்டிடம் ஆடியவர், 1977 முதல் 1986 வரை அலபாமாவில் வரிசைக்காவலர்களைப் பயிற்றுவித்தவர். 2003-இல் அலபாமாவின் தலைமைப் பதவிக்கு அவர் பெயர் பரிசீலிக்கப்பட்டது. பதவி மைக் ஷூலாவுக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் குரூமை அழைத்தது. அலபாமா ஆடும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்ற வரலாறு வேறொரு ஊரில் எழுதப்பட்டது. துணைப் பதவிவரை கதவு 1973-இலேயே திறந்தது. அதற்கு மேலுள்ள ஒரு படியை ஏற முப்பது ஆண்டுகள் பிடித்தன; அதையும் அலபாமா ஏற்றிவிடவில்லை. அணியின் வரலாற்றில் இது ஒரு குறை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பிரையண்டின் துணைகள் அவரையே வென்றதும் உண்டு. 1968 புத்தாண்டு நாளில் நடந்த காட்டன் பவுல் ஆட்டத்தில் ஸ்டாலிங்ஸின் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணி 20-16 என்று அலபாமாவை வீழ்த்தியது. ஆட்டம் முடிந்ததும் பிரையண்ட் தம் பழைய மாணவரைத் தூக்கிக்கொண்டு நின்றார். 1982 நவம்பரில், பிரையண்டின் கடைசிப் பருவத்தில், பேட் டையின் ஆபர்ன் 23-22 என்று வென்றது.

இடைக்காலத்தை விரைவாகக் கடக்கலாம். 1983-க்கும் 2006-க்கும் இடையில் ஏழு பேர் தலைமைப் பதவிக்கு நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் மைக் பிரைஸ் ஓர் ஆட்டம்கூடப் பயிற்றுவிக்காமலே நீக்கப்பட்டார். தலைவர் மாறும்போதெல்லாம் துணைகளும் மாறினார்கள். 1992-இல் மட்டும் தேசியப் பட்டம் வந்தது. அப்போது தலைமையில் இருந்தவர் பிரையண்டின் பழைய துணையான ஸ்டாலிங்ஸ். தாக்குதலை நடத்தியவர் மால் மூர். பழைய வட்டம் ஓரளவு கூடிய காலத்தில்தான் பட்டம் வந்தது என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சேபனின் நடைமுறை

அதே மால் மூர், விளையாட்டுத் துறை இயக்குநராக, 2007 ஜனவரியில் சேபனை மயாமியிலிருந்து அழைத்துவந்தார். எட்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தம். அதற்குப் பிந்தைய பதினேழு பருவங்களில் ஒன்பது பேர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தார்கள். மேஜர் ஆப்பிள்வைட் ஓராண்டு இருந்தார். ஜிம் மெக்கெல்வெய்ன் நான்கு ஆண்டுகள், டக் நஸ்மையர் இரண்டு, லேன் கிஃபின் மூன்று. பிறகு பிரையன் டேபோல், மைக் லாக்ஸ்லி, ஸ்டீவ் சார்கீசியன், பில் ஓ'பிரையன், டாமி ரீஸ். தற்காப்பில் ஐவர். முதல் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கெவின் ஸ்டீல். 2023-இல் கடைசியாக இருந்தவரும் அவரே. இடையில் அவர் வேறு ஊர்களுக்குப் போய்த் திரும்பியவர்.

இவ்வளவு பேர் மாறியும் ஆட்டத்தரம் ஏன் சரியவில்லை? சேபன் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களையும், பயிற்சியின் கால அட்டவணையையும், தற்காப்பு உத்திகளின் பெயர்களையும் தம் கையிலேயே வைத்திருந்தார். புதிதாக வந்தவர் அலபாமாவின் மொழியைக் கற்றார். தம் மொழியை அலபாமாவுக்குக் கற்பிக்கவில்லை. பத்திரிகையாளரிடம் பேசும் குரலும் ஒன்றே ஒன்று. துணைப் பயிற்சியாளர்கள் பருவத் தொடக்கத்திலும் பெரிய ஆட்டங்களுக்கு முன்பும் தவிரப் பேசவில்லை. தாக்குதலில் அவர் இந்தக் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினார். 2014-இல் கிஃபினை அழைத்ததே அதற்குச் சான்று. தெற்குக் கலிபோர்னியா அணி அவரை முந்தைய பருவத்தின் நடுவில் விமான நிலையத்திலேயே நீக்கியிருந்தது. சேபனின் நிதானமான ஆட்டத்துக்கு வேகம் கொடுத்தவர் அவர்.

விலக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுப்பது பிறகு ஒரு முறையாகவே ஆனது. கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிப்படி அப்போது ஒன்பது துணைப் பயிற்சியாளர்களுக்குத்தான் களத்தில் கற்பிக்க இடம் இருந்தது. 2018 ஜனவரியில் அது பத்தானது. ஆனால் ஆய்வாளர் என்ற பெயரில் அறைக்குள் உட்கார்ந்து எதிரணிப் படங்களைப் பார்த்து அறிக்கை தயாரிப்போருக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இருக்கவில்லை. கிளெம்சனில் வேலையிழந்த பில்லி நேப்பியர் 2011-இல் இப்படி வந்தார். சார்கீசியனும் லாக்ஸ்லியும் 2016-இல் வந்தார்கள். டென்னசியில் நீக்கப்பட்ட புட்ச் ஜோன்ஸ் 2018-இல் ஆண்டுக்கு 35,000 டாலருக்கு வந்தார். பழைய ஒப்பந்தப்படி டென்னசி அவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் போதுமாக இருந்தது. இப்படி வந்த ஒவ்வொருவரும் அலபாமாவின் மொழியை முன்கூட்டியே கற்றுக்கொண்டார்கள். பதவி காலியானபோது புதிய ஆளைத் தேட வேண்டிய தேவை குறைந்தது.

இந்த ஏற்பாட்டின் உறுதியை 2017 ஜனவரியில் காணலாம். வழக்கம் வேறு. வெளியே தலைமைப் பதவி கிடைத்தவர்களும் பட்ட ஆட்டம் முடியும்வரை இருந்து வேலையை முடித்துத்தான் போவார்கள். 2011 பருவத்தில் மெக்கெல்வெய்ன், 2015-இல் தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் கெர்பி ஸ்மார்ட், 2017-இல் அதே பதவியில் இருந்த ஜெரமி புரூயிட், 2020-இல் சார்கீசியன் என்று நால்வர் அப்படியே செய்தார்கள். நான்கு முறையும் அலபாமா பட்டம் வென்றது. கிஃபின் மட்டும் ஃபுளோரிடா அட்லாண்டிக் பதவியை ஏற்றபின், இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் விடுவிக்கப்பட்டார். அறைக்குள் ஆய்வாளராக இருந்த சார்கீசியன் அந்த ஓர் ஆட்டத்துக்குத் தாக்குதலை நடத்தினார். அணி குலையவில்லை. ஆனால் ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது கிளெம்சன் எல்லையைத் தொட்டு 35-31 என்று வென்றது. ஒருங்கிணைப்பாளர் மாற்றமே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பட்டத்தை நழுவவிட்ட ஓர் ஆட்டத்துக்கு அந்தக் காரணத்தைத் தவிர்த்து விளக்கம் தருவதும் எளிதில்லை.

பெரிய சோதனை 2019 ஜனவரியில் வந்தது. கிளெம்சனிடம் 44-16 என்று தோற்ற கையோடு பத்துத் துணைப் பயிற்சியாளர்களில் எழுவர் வெளியேறினர். லாக்ஸ்லி மேரிலாந்துக்குத் தலைமையேற்கப் போனார். ஜாஷ் கேட்டிஸ் மிச்சிகனுக்கும், டேன் ஈனோஸ் மயாமிக்கும், டாஷ் லுபோய் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கும் போனார்கள். மிஞ்சியவர்கள் பீட் கோல்டிங், கார்ல் ஸ்காட், ஜெஃப் பேங்க்ஸ் மூவர் மட்டுமே. இடையில் அட்லாண்டாவுக்குப் போயிருந்த சார்கீசியன் திரும்பினார். கைல் ஃபிளட், ஹோல்மன் விக்கின்ஸ், சார்லஸ் ஹஃப் முதலியோர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஓராண்டு தள்ளாடி, 2020-இல் அணி 13-0 என்று தோல்வியே காணாமல் பட்டம் வென்றது.

உடற்பயிற்சிப் பயிற்சியாளர் ஸ்காட் கோக்ரனின் விலகலை எழுதுவோர் போதுமான அளவு கவனிக்கவில்லை. கோடை மாதங்களில் மற்றப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரரோடு செலவிடும் நேரத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அப்போது பிள்ளைகளோடு நாள்தோறும் இருப்பவர் உடற்பயிற்சியாளரே. சேபனின் முதல் பதின்மூன்று பருவங்களும் அந்த ஒருவரே அதைப் பார்த்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர்கள் மாறிய கோடைகளிலும் அவர் மாறவில்லை. 2020 பிப்ரவரியில் அவர், ஸ்மார்ட் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜார்ஜியாவுக்குப் போனார். நடைமுறையைத் தாங்கி நிற்க நிலையான சில ஆட்களும் வேண்டியிருந்தது. பதினொரு பருவங்கள் ஓட்டக்காரர்களைப் பயிற்றுவித்த பர்ட்டன் பர்ன்ஸ், ஒன்பது பருவங்கள் இருந்த ஸ்மார்ட் ஆகியோரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேபன் அணியின் வலிமையை முழுக்க முறையின் மேல் ஏற்றிச் சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எழுதி வைத்த நடைமுறைக்கு ஓர் இயல்பு உண்டு. அதைக் கற்றவர் எங்கு போனாலும் எடுத்துச் செல்லலாம். 2021 அக்டோபர் வரை தம் பழைய துணைகளுக்கு எதிராகச் சேபன் 24 ஆட்டங்கள் ஆடி, 24-லும் வென்றிருந்தார். அந்த மாதம் 9-ஆம் தேதி டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜிம்போ ஃபிஷர் 41-38 என்று அந்தக் கணக்கை முறித்தார். மூன்றே மாதத்தில், 2022 ஜனவரி 10 அன்று, ஸ்மார்ட்டின் ஜார்ஜியா 33-18 என்று வென்று தேசியப் பட்டத்தைப் பறித்தது. அன்று ஜார்ஜியாவின் தற்காப்பை நடத்திய டேன் லேனிங், ஆரிகன் தலைமைப் பதவியை ஏற்றபின்னும் பட்ட ஆட்டம் முடியும்வரை தங்கினார். அவர் 2015-இல் அலபாமாவில் பட்டதாரி உதவியாளராக இருந்தவர். அலபாமாவின் வழக்கமும் அவரோடு போயிருந்தது. 2023 செப்டம்பரில் சார்கீசியனின் டெக்ஸஸ் டஸ்கலூசாவுக்கே வந்து 34-24 என்று வென்றது.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு அறிவித்தார். இரண்டு நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோயர் வந்தார். பழைய குழுவிலிருந்து ஃப்ரெடி ரோச், ராபர்ட் கில்லெஸ்பி ஆகியோரைத் தக்கவைத்துக்கொண்டு மற்றப் பதவிகளுக்குப் பெரும்பாலும் தம் ஆட்களைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு கோடையில் களத்தில் கற்பிப்போர் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் சங்கம் நீக்கியது. ஆய்வாளர்களும் இப்போது திடலில் இறங்கிக் கற்பிக்கலாம். இந்த விதிமாற்றம் துணைப் பயிற்சியாளர் என்ற பதவியையே உருமாற்றும்.

இந்த அணியின் வரலாற்றை இனி எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பட்டத்துக்கும் எதிரே தலைமைப் பயிற்சியாளரின் பெயரோடு அந்தப் பருவத்தின் துணைப் பயிற்சியாளர் அனைவரின் பெயரையும், அவர்கள் வந்த ஆண்டையும் போன ஆண்டையும் அச்சிடுங்கள்.